பாளையங்கோட்டைக்குக் குடி வாறீங்களா? பள்ளிக்கூடம் தேடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

வீரவநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊர்தான் எங்களுக்கு. 2024 மே மாசம் எங்க வீட்டுக்காரருக்கு வண்ணார்பேட்டைல சோலி கெடச்சதால குடும்பத்தோட திருநவேலிக்கு வந்துட்டோம். மெட்ராஸ்ல இருக்கவங்களுக்கு இது சின்ன ஊரா தெரியலாம், எங்களுக்கு இதுதான் பெரிய டவுன். பெரியவன் அப்பதான் அஞ்சாம் வகுப்பு முடிச்சிருந்தான், சின்னவ ஊர்ல ஒரு நர்சரில யூகேஜி. "பாளையங்கோட்டைல பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம், அது தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுல்லா"ன்னு எங்க மதினி சொன்னா. அத நம்பி ஒரு ஏற்பாடும் இல்லாம வந்து, ரெண்டு மாசம் வெயில்ல அலைஞ்சு, கையில இருந்த காசும் போயி, எட்டே மாசத்துல வீடும் மாத்தி... அந்தக் கத முழுசா வேண்டாம். என்ன செய்யணும், எத மொதல்ல செய்யணும்னு மட்டும் சொல்லுதேன். கிராமத்துலருந்து இங்க வாரவங்களுக்குத்தான் இது, ஏற்கனவே டவுன்ல இருக்கவங்களுக்கு பாதி தெரிஞ்சதா இருக்கும்.

1. மொதல்ல வீடு பாக்காதீங்க

எல்லாரும் செய்ற தப்பு இது, நாங்களும் செஞ்சோம். ஊருக்குப் போக வர பஸ் வசதியா இருக்கும், வாடகையும் கம்மின்னு அம்பை ரோட்டுல மேலப்பாளையம் பக்கமா ஒரு வீடு பாத்தோம். அட்வான்ஸ் 40,000, வாடகை 6,500. பொறவு பெரியவனுக்கு எடம் கெடச்சது பாளையங்கோட்டைல. ரெண்டுக்கும் நடுவுல குலவணிகர்புரம் ரயில்வே கேட். இங்க இருக்கவங்களுக்கு அந்தப் பேரச் சொன்னாலே போதும். காலைல பள்ளிக்கூட நேரத்துல கேட்ட போட்டாம்னா ரெண்டு பக்கமும் வண்டி தேர் கூட்டம் மாதிரி நிக்கும், ரயில் போயி கேட்டத் தொறந்த பொறவும் ரெண்டு பக்கத்து வண்டியும் நடு ரோட்டுக்கு வந்து மாட்டிக்கிட்டு ஒருத்தனும் நகர மாட்டான். பையன் வாரத்துல ரெண்டு நாளாவது பிரேயர் முடிஞ்சு போயி வெளிய நிப்பான். எட்டு மாசம் தாக்குப்பிடிச்சுட்டு சமாதானபுரம் பக்கம் மாறிட்டோம். பெயிண்ட் அடிக்கணும்னு அட்வான்ஸ்ல 4,000 பிடிச்சுக்கிட்டாரு ஹவுஸ் ஓனர், டாடா ஏஸுக்கு 3,500.

அதனால மொதல்ல பள்ளிக்கூடத்த முடிவு பண்ணுங்க, அதச் சுத்தி ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள வீடு தேடுங்க. ஒரு மாசம் வீட்டுக்காரர் மட்டும் ரூம் எடுத்துத் தங்குனாலும் பரவால்ல, இல்லன்னா ஊர்லருந்தே பஸ்ல போயிட்டு வரட்டும். இன்னொன்னு, ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைன்னு ஆத்தங்கரைய ஒட்டி வீடு பாத்தீங்கன்னா 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல அந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு பக்கத்து வீட்ல கேட்டுக்கோங்க. புரோக்கர் சொல்ல மாட்டான்.

2. எந்த வகைப் பள்ளிக்கூடம்னு வீட்டுக்குள்ள பேசி முடிங்க

இதுதான் பெரிய விஷயம், இதுல அவசரப்படாதீங்க. "நல்ல பள்ளிக்கூடம் எது"ன்னு பத்து பேருகிட்ட கேட்டா பத்துப் பள்ளிக்கூடத்துப் பேரு சொல்லுவாங்க. அதவிட எந்த வகைன்னு மொதல்ல கேளுங்க, ஏன்னா அதுலதான் பிள்ளையோட பன்னெண்டாம் வகுப்புக்குப் பொறவு என்னங்கிறது ஒட்டிக்கிட்டு இருக்கு.

நாலு வகை இருக்கு. அரசு, மாநகராட்சிப் பள்ளி ஒன்னு. அரசு உதவி பெறும் பள்ளி, நம்ம எய்டட்னு சொல்லுதோம்ல அது ஒன்னு. பொறவு மெட்ரிக், சிபிஎஸ்இ. பாளையங்கோட்டைல பேர் சொல்லிக் கேக்குற சேவியர்ஸ், ஜான்ஸ், கதீட்ரல், சாரா டக்கர், டவுன்ல சாப்டர், எம்.டி.டி. இந்து எல்லாம் ரொம்பப் பழைய பள்ளிக்கூடங்க, எய்டட் வகை. எய்டட் பள்ளிக்கூடங்க பலதுல ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு மாதிரி செக்சன் இருக்கும். தமிழ் மீடியத்துக்கு வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் குடுக்கும், ஃபீஸ் பேருக்குத்தான். இங்கிலீஷ் மீடியம் சுயநிதி, அதுக்குக் காசு. போயி நிக்கும்போதே "எய்டட் செக்சனா, செல்ஃப் ஃபைனான்ஸா"ன்னு கேட்டுருங்க. பள்ளிக்கூடத்துப் பேர வச்சு ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சுக்கிட்டுப் போனவங்கள்ல நானும் ஒருத்தி.

அடுத்து ஆறாம் வகுப்பு. எங்கூர் ஹெச்எம் டீச்சர்கிட்ட டிசி கேக்கப் போனப்ப அவங்கதான் கேட்டாங்க, "யம்மா, ஆறாம் வகுப்பு எங்க சேக்கப் போற? வெளங்கித்தான் சேக்கியா?"ன்னு. எனக்கு ஒன்னும் வெளங்கல. அவங்க சொன்னது இதுதான்: ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைக்கு மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, 2020லருந்து. அடுத்த வருஷம் இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் மாதிரி படிப்புகளுக்கும் குடுத்துட்டாங்க. மாநகராட்சிப் பள்ளியும் இதுல சேரும், அதுல இங்கிலீஷ் மீடியம் படிச்சாலும் சேரும். ஆனா எய்டட் சேராது! இத எத்தனையோ பேரு கவனிக்கல. நடுவுல ஒரே ஒரு வருஷம் காசு கட்டி தனியார்ல படிச்சாலும் போச்சு. "பிள்ள டாக்டராத்தான் ஆகப்போறானாக்கும்"னு எங்க மாமியாரு சிரிச்சாங்க, ஆகாட்டியும் பரவால்ல அத்த, கதவ நம்மளே எதுக்குச் சாத்தணும்னு நான் சொன்னேன்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல காலேஜ் படிக்கும்போது மாசம் 1,000 ரூபா வருதுல்லா, அதுக்கும் இதே ஆறு டு பன்னெண்டு கணக்குதான். ஆனா அதுக்கு அரசுப் பள்ளியோட எய்டட் தமிழ் மீடியமும் செல்லும். அரசு வேலைல தமிழ் வழில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை இருக்கு, அதுக்குச் சின்ன வகுப்புலருந்தே தமிழ் மீடியம்னு சர்டிபிகேட் வேணும். இதெல்லாம் பிள்ள அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது யாருக்கும் தோணாது, பன்னெண்டு முடிச்ச பொறவு தோணி ஒன்னும் செய்ய முடியாது.

சிபிஎஸ்இ பத்தி: வீட்டுக்காரர் மத்திய அரசு வேலை, அடிக்கடி வேற மாநிலத்துக்கு மாத்தல்னா சிபிஎஸ்இ சரி. மத்தபடி "நீட்டுக்கு நல்லது"ன்னு சொல்லிச் சேக்கவங்க, அந்தப் பள்ளில போன வருஷம் பத்தாம் வகுப்பு எத்தன பேரு எழுதுனாங்க, பதினொன்னு பன்னெண்டு இருக்கா இல்லையான்னாவது கேட்டுட்டுச் சேருங்க. இதுல ஒரு ஏமாத்து வேல நடக்கு. போர்டுல "சிபிஎஸ்இ பேட்டர்ன்"னு பெரிசா போட்டிருப்பாங்க, அஃபிலியேஷனே, அதாவது சிபிஎஸ்இ அங்கீகாரமே, வாங்கியிருக்க மாட்டாங்க. பேட்டர்ன்னா ஒன்னுமில்ல, புத்தகம் அந்தப் புத்தகம், அவ்வளவுதான். அஃபிலியேஷன் நம்பர் கேளுங்க, சிபிஎஸ்இ சைட்ல போட்டா பேரு, முகவரி, எத்தனாம் வகுப்பு வரைக்கும் அனுமதின்னு எல்லாம் வரும். நம்பர் கேட்டதும் மூஞ்சி மாறுச்சுன்னா எந்திரிச்சு வந்துருங்க.

மெட்ரிக்ல பத்தாம் வகுப்பு வரைக்கும் அரசுப் பள்ளில உள்ள அதே சமச்சீர் புத்தகம்தான். நான் ரொம்ப நாளா அது வேற சிலபஸ்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அரசுப் பள்ளின்னாலே மூஞ்ச சுளிக்கிறவங்க ஒருக்கா டவுன்ல கல்லணை மாநகராட்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசல்ல காலைல போயி நின்னு பாருங்க, எவ்வளவு பிள்ளைக உள்ள போகுதுன்னு. 2019ல இங்க கலெக்டரா இருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் அவங்க மகளையே பாளையங்கோட்டை அங்கன்வாடிலதான் சேத்தாங்க.

3. பேப்பரெல்லாம் ஊர்ல இருக்கும்போதே முடிச்சிருங்க

இதுதான் என்னையக் கொன்னது. தேவையானது இவ்வளவுதான்: பிறப்புச் சான்றிதழ், டிசி, எமிஸ் நம்பர் (பள்ளிக்கல்வித் துறை கம்ப்யூட்டர்ல பிள்ளைக்கு இருக்க நம்பர்), பிள்ள ஆதார், அப்பா அம்மா ஆதார், ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, போட்டோ, பழைய மார்க் கார்டு. கேக்க லேசா இருக்கும்.

பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாருங்க, பிள்ள பேரு இருக்கா? சின்னவளோடதுல பேர் கட்டம் காலியா கெடந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப எடுத்து பீரோல வச்சது, அஞ்சு வருஷமா யாரும் பிரிச்சே பாக்கல. பேர் சேக்கணும்னு ஊர்ல பேரூராட்சி ஆபீஸ்ல போயி நின்னேன். பிள்ள எங்க பொறந்துச்சுன்னு கேட்டாங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரின்னேன். அப்ப அங்கனதான் போகணும், இங்க இல்லன்னுட்டாங்க. நம்ம எங்க குடியிருக்கோம்ங்கிறது கணக்கில்ல, பிள்ள எங்க பொறந்துச்சோ அந்த எல்லைலதான் பதிவு இருக்கும். ஹைகிரவுண்ட்ல பொறந்த பிள்ளைக்கு மாநகராட்சி. பொறந்து ஒரு வருஷத்துக்குள்ளன்னா பேர் சேக்க காசு இல்ல, அதுக்கு மேல 15 வயசு வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டிச் சேக்கலாம். பேர் சேத்துட்டா பொறவு ஆன்லைன்லயே இலவசமா எடுத்துக்கலாம்.

அடுத்தது இனிஷியல். பிறப்புச் சான்றிதழ்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பழைய பள்ளிக்கூட ரெக்கார்டுல அப்பா பேரு முழுசா. நமக்கு மூணும் ஒன்னுதான், கம்ப்யூட்டருக்கு மூணு பேரு. ஆதார பிறப்புச் சான்றிதழ் மாதிரி மாத்திக்கிட்டு, அதே எழுத்த டிசில எழுதச் சொல்லுங்க. பிள்ளைக்கு 5 வயசு தாண்டிட்டுன்னா ஆதார்ல கைரேக வைக்கணும், அது இலவசம், அதையும் கையோட முடிச்சிருங்க.

டிசி. பள்ளிக்கூடம் கடைசி நாளுக்கு முன்னாடியே வாங்கிருங்க. நான் மே 12ந் தேதிக்கு மேல சாவகாசமா போனேன், பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு. ஹெச்எம் டீச்சர் ஊரு கடையம், பஸ் ஏறி அவங்க வீட்டுக்கே போயி, அவங்க நல்ல மனசுக்காரங்க, வெள்ளிக்கெழம வந்து தொறந்து எழுதிக் குடுத்தாங்க. எல்லா ஹெச்எம்மும் அப்படி வருவாங்கன்னு சொல்ல முடியாது. டிசி பேப்பர் மட்டும் கையில வாங்குனா பத்தாது. எமிஸ்ல பழைய பள்ளிக்கூடம் பிள்ளைய காமன் பூலுக்கு, அதாவது பள்ளிக்கூடம் மாறுற பிள்ளைக இருக்க பொதுப் பட்டியலுக்கு, தள்ளி விடணும், அப்பதான் புதுப் பள்ளிக்கூடம் அங்கருந்து எடுக்க முடியும். தள்ளாம விட்டுட்டாங்கன்னா பிள்ள இங்க பெஞ்சுல உக்காந்திருக்கும், கம்ப்யூட்டர்ல இன்னும் ஊர்லயே படிச்சுக்கிட்டு இருக்கும். டிசி வாங்கும்போதே "டீச்சர், எமிஸ்ல விட்டுட்டீங்களா"ன்னு கேட்டு அந்த நம்பர ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிருங்க.

தனியார் பள்ளில இருந்து மாறுறவங்களுக்கு ஒன்னு: ஃபீஸ் பாக்கின்னு டிசில எழுதக் கூடாது, டிசி இல்லன்னு பிள்ளையச் சேக்காம இருக்கவும் கூடாதுன்னு 2024ல சென்னை ஹைகோர்ட் சொல்லியிருக்கு. பாக்கி இருந்தா அவங்க கோர்ட்டு வழியா வாங்கிக்கணும், பிள்ளைய பிடிச்சு வச்சுக்கிட்டு வாங்கக் கூடாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் டிசி லேட்டாகுறத காரணம் காட்டி அட்மிஷன மறுக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துலயும் இருக்கு. சட்டம் இருக்கு சரி, ஆனா சண்ட போட்டுச் சேக்குறதவிட பேப்பரோட போறது நிம்மதி.

ஜாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் இ-சேவைல, ஒன்னுக்கு 60 ரூபா. விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு மேசை தாண்டி வர எனக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அட்மிஷன் சீசன்ல இன்னும் இழுக்கும். எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸப்ல அனுப்பி வச்சுக்கோங்க, ஒரிஜினல யாருகிட்டயும் விட்டுட்டு வராதீங்க, டிசி தவிர.

4. வயசுக் கணக்கு

இது சின்ன விஷயம், ஆனா எங்களுக்கு ஒரு வருஷம் போச்சு. தமிழ்நாட்டுல ஒன்னாம் வகுப்புக்கு ஜூலை 31ந் தேதில 5 வயசு முடிஞ்சிருக்கணும், எல்கேஜிக்கு 3. சின்னவ பொறந்தது ஆகஸ்ட் 9. ஊர்ல நர்சரில ஒன்னும் பாக்காம முன்கூட்டியே எல்கேஜில உக்கார வச்சுட்டாங்க, நாங்களும் வெரசா படிக்கான்னு சந்தோஷப்பட்டோம். இங்க வந்து ஒன்னாம் வகுப்புக்குக் கேட்டா, ஒன்பது நாள் கம்மி, யூகேஜி இன்னொருக்கா படிக்கட்டும்னுட்டாங்க. அழுதுட்டேன். இப்ப யோசிச்சா நல்லதுதான், கிளாஸ்லயே சின்னப் பிள்ளையா திணறாம இருக்கா.

கேந்திரிய வித்யாலயான்னா ஒன்னாம் வகுப்புக்கு 6 வயசு. அரசுப் பள்ளில சேந்துட்டு பொறவு அங்க மாத்தலாம்னு நெனைக்கவங்க இந்த ஒரு வருஷ வித்தியாசத்த கணக்குப் பண்ணிக்கோங்க.

5. எந்த மாசத்துல எந்த வேல

தனியார்ல எல்கேஜி அப்ளிகேஷன் பொங்கல் முடிஞ்சதுமே குடுக்க ஆரம்பிச்சிருவாங்க, சில எடத்துல டிசம்பர்லயே. அரசுப் பள்ளிகள்ல இப்பல்லாம் மார்ச் 1ந் தேதியே அட்மிஷன் ஆரம்பம், 2024லயும் 2025லயும் அப்படித்தான். பேர் சொல்லிக் கேக்குற எய்டட் பள்ளிகள்ல ஆறாம் வகுப்புக்கு ஏப்ரல்ல போயிரணும், மே கடைசில போனா வெயிட்டிங் லிஸ்ட்னு ஒரு நோட்டுல பேர எழுதிக்கிட்டு அனுப்பிருவாங்க. அந்த நோட்ட பொறவு யாரும் தொறக்குறதில்ல.

ஜனவரில பேப்பர், பிப்ரவரி மார்ச்ல நேர்ல பாக்குறது, ஏப்ரல்ல அட்மிஷன், மே மாசம் வீடு. நாங்க இத அப்படியே தலைகீழா செஞ்சோம்.

6. நேர்ல போய் பாருங்க, ரெண்டு தடவ

ஒரு தடவ ஆபீஸ் நேரத்துல, ஒரு தடவ சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல. ஆபீஸ் நேரத்துல போனா ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு வந்து ஏசி போட்ட கம்ப்யூட்டர் லேப், ஸ்மார்ட் போர்டு எல்லாம் காட்டும். ஒரு எடத்துல நான் பாத்ரூம் காட்டுங்கன்னு கேட்டேன். "அது எதுக்கு மேடம்?"னு கேட்டுச்சு. பிள்ள எட்டு மணி நேரம் இருக்கப்போற எடம்லா, காட்டுங்கன்னேன். மேக்க கடைசில ஒரு ஷெட்டு. நாலு கதவு, அதுல ரெண்டுக்கு தாழ்ப்பாள் இல்ல, வாளி இருக்கு மக்கு இல்ல, பைப்பு ஒரு துணிய வச்சுக் கட்டியிருக்கு. கட்டணம் வருஷத்துக்கு 28,000. அங்கருந்து அப்படியே வந்துட்டேன்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளிய நிக்க ஆட்டோக்காரங்ககிட்ட பேச்சு குடுங்க. நான் கேட்டேன், "அண்ணாச்சி, இந்தப் பள்ளிக்கூடம் எப்படி?"ன்னு. "யம்மா, அஞ்சு வருஷமா இங்கனதான் நிக்கேன், இதுக்குள்ள கணக்கு வாத்தியாரு மட்டும் மூணு பேரு மாறிட்டாங்க, நீயே பாத்துக்க"ன்னாரு. அத எந்த புரோஷர்லயும் போட மாட்டாங்க. உப்பும் வத்தப்பொடியும் போட்டு மாங்கா விக்கிற ஆச்சிக்கு எந்தக் கிளாஸ் பிள்ளைக சண்ட போடுதுன்னு வர தெரியும்.

இன்னொன்ன எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். நம்ம மாவட்டத்துல பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறவங்க இதக் கேக்காம விட முடியாது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பையனையும் அவன் தங்கச்சியையும் ஜாதி வெறில கூடப் படிச்ச பையங்களே வீடு புகுந்து வெட்டுனது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பொறவு போட்ட நீதியரசர் சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு, ஜாதியக் காட்டுற மாதிரி கையில கலர் கயிறு கட்டக்கூடாதுன்னு அதுல சொல்லியிருக்கு. பள்ளிக்கூடம் விடும்போது பெரிய பையங்க கையப் பாருங்க. கலர் கலரா கயிறு தெரிஞ்சா உள்ள போயி ஹெச்எம்கிட்ட நேராவே கேளுங்க, இதுக்கு நீங்க என்ன செய்யுதீங்கன்னு. "அதெல்லாம் சாமி கயிறு"ன்னு மழுப்புனாங்கன்னா எனக்குப் பிடிக்காது. ஒரு ஹெச்எம் சார் மேசை டிராயரத் தொறந்து ஒரு கட்டு அறுத்த கயிற எடுத்துக் காட்டுனாரு, "வாரம் ஒருக்கா செக் பண்ணுதோம்மா"ன்னு. பெரியவன அங்கதான் சேத்தேன். மாநகராட்சிப் பள்ளி, இங்கிலீஷ் மீடியம்.

7. காசு: அவங்க சொல்ற நம்பர் பாதிதான்

28,000ன்னு சொன்ன அதே பள்ளிக்கூடத்துல மத்ததையும் கேட்டு எழுதுனேன். புக், நோட்டு 5,800. யூனிபார்ம் ரெண்டு செட், ஸ்போர்ட்ஸ் டிரஸ், ஷூ எல்லாம் சேத்து 4,600, அவங்க சொல்ற கடைலதான் எடுக்கணும். வேன் மாசம் 1,100 வீதம் பத்து மாசம், 11,000. ஆக்டிவிட்டி ஃபீஸ்னு 2,000. கூட்டுனா 51,400. ஒரு பிள்ளைக்கு. அதுவும் ஆறாம் வகுப்புக்கு, ஏறிக்கிட்டேதான் போகும். ரெண்டு பிள்ளைக்கும் பன்னெண்டு வரைக்கும் கட்ட முடியுமான்னு கணக்குப் போட்டுட்டுச் சேருங்க, எட்டாம் வகுப்புல முடியாம எடுத்துட்டு வேற எடத்துல விடுறதுதான் பிள்ளைக்கு ரொம்பக் கஷ்டம்.

தனியார் பள்ளி ஃபீஸ ரிட்டயர்டு ஜட்ஜ் தலைமைல ஒரு கமிட்டி நிர்ணயம் பண்ணுது, 2009ல வந்த சட்டம். அந்தத் தொகைய நோட்டீஸ் போர்டுல எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டணும். போனதும் போர்டத் தேடுங்க. டொனேஷன் வாங்குறது சட்டப்படி தப்பு, அதனால அந்தப் பேருல கேக்க மாட்டாங்க, பில்டிங் ஃபண்டும்பாங்க, கரஸ்பாண்டன்ட பாருங்கம்பாங்க. ரசீது குடுக்காத காச குடுக்காதீங்க. பிள்ளைக்கு டெஸ்ட் வச்சு, அப்பா அம்மாவ இன்டர்வியூ பண்ணி வடிகட்டுறதும் எட்டாம் வகுப்பு வரைக்கும் கூடாது. ஆனா "சும்மா லெவல் பாக்கோம்"னு வைக்கத்தான் செய்யுதாங்க.

நான் ஏமாந்தது எங்கன்னா, "சீட் பிளாக் பண்ணிக்கோங்க மேடம், இன்னும் ரெண்டுதான் இருக்கு"ன்னு சொன்னத நம்பி 5,000 கட்டுனேன். பொறவு வேண்டாம்னு போயிக் கேட்டா திருப்பித் தர மாட்டோம், ரசீதுல பின்னாடி எழுதியிருக்குன்னாங்க. திருப்பிப் பாத்தா எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதித்தான் இருக்கு. ஜூலைலயும் அந்த ரெண்டு சீட்டு அப்படியேதான் இருந்துச்சு, பேனர்ல "அட்மிஷன் நடைபெறுகிறது"ன்னு தொங்குச்சு.

அரசுப் பள்ளி, எய்டட் தமிழ் மீடியம்னா புத்தகம், நோட்டு, எட்டு வரைக்கும் யூனிபார்ம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அரசாங்கம் குடுக்கும். ஒன்னுலருந்து அஞ்சு வரைக்கும் காலைச் சாப்பாடும் உண்டு, டவுன்ல இருக்க எய்டட் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26லருந்து வந்துச்சு. சின்னவ இப்ப எய்டட் தொடக்கப்பள்ளில ஒன்னாம் வகுப்பு, வீட்ல இட்லிய நாலு தடவ கெஞ்சி ஊட்டணும், அங்க கிச்சடிய தட்டோட நக்கிட்டு வாரா.

புகார் சொல்லணும்னா 14417, பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன். தனியார் பள்ளிகளுக்குன்னே தனியா ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்காங்க, அங்க எழுதிக் குடுத்து ரிசீவ்டு சீல் வாங்கிக்கோங்க.

8. ஆர்டிஇ சீட்ட நம்பி உக்காந்திராதீங்க

ஆர்டிஇன்னா முன்னாடி சொன்ன கல்வி உரிமைச் சட்டம்தான். அதுப்படி தனியார் பள்ளில நுழைவு வகுப்புல 25 சதவீதம் இலவச சீட், நலிவடைந்த பிரிவுல போட்டா வருமானம் 2 லட்சத்துக்குள்ள, வீட்லருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளிக்கூடம், ஆன்லைன்ல போடணும், ஆள் கூடுனா குலுக்கல். நல்ல திட்டம்தான். ஆனா மூணு விஷயம். ஒன்னு, இது எல்கேஜி மாதிரி ஆரம்ப வகுப்புக்குத்தான், நடுவுல மாறி வாரவங்களுக்கு இல்ல. ரெண்டு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது, பாளையங்கோட்டைல பாதிப் பள்ளிக்கூடம் அப்படித்தான இருக்கு, ஒரு கிலோமீட்டருக்குள்ள தேடுனா லிஸ்ட்டு சின்னதா வரும். மூணு, வழக்கமா ஏப்ரல் மே மாசம் வாரது 2025ல அக்டோபர் வரைக்கும் இழுத்துருச்சு. அப்ளிகேஷன் போடுங்க, கூடவே இன்னொரு எடத்தையும் பாத்து வச்சுக்கோங்க.

9. வேன், ஆட்டோ, பஸ்

பள்ளிக்கூட வண்டின்னா மஞ்சக் கலர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எமர்ஜென்சி கதவு, கூட ஒரு உதவியாளர் இருக்கணும், வருஷா வருஷம் லீவுல ஆர்டிஓ செக் பண்ணுவாங்க. அந்த வண்டி இல்லாம மாருதி ஆம்னில சிலிண்டருக்கு மேல பிள்ளைய உக்கார வைக்க ஆளுகளும் இருக்காங்க, காசு கம்மின்னு விடாதீங்க. எத்தனாவது ஸ்டாப்புல ஏத்துதாங்கன்னு கேளுங்க, மொத ஸ்டாப்புன்னா பிள்ள ஏழு மணிக்கே கெளம்பி ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் போகும். கவர்மெண்ட் பஸ்ல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பாஸ் இலவசம், பாஸ் கைக்கு வர முன்னாடி யூனிபார்மோட ஏறுனாலும் விட்ருவாங்க.

10. சேத்த பொறவு மொத மாசம்

எமிஸ்ல பேர் ஏறிருச்சான்னு கிளாஸ் டீச்சர்கிட்ட கேளுங்க, பேரு எழுத்துப் பிழை இல்லாம இருக்கான்னு ஸ்க்ரீன உங்க கண்ணால பாத்துருங்க. ரேஷன் கார்டு அட்ரஸ ஆன்லைன்லயே மாத்திக்கோங்க.

தமிழ் மீடியத்துலருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்துனீங்கன்னா பிள்ள முட்டாளாயிட்டான்னு நெனச்சு டியூஷன்ல தள்ளிராதீங்க. மொத பரீட்சைல பெரியவன் சயின்ஸ்ல 31 மார்க். ஊர்ல அவன்தான் ஃபர்ஸ்ட்டு. பேப்பரப் பாத்தா செடி எப்படி உணவு தயாரிக்குதுன்னு கேட்ட கேள்விக்கு படம் மட்டும் அழகா வரைஞ்சு வச்சுட்டு வந்திருக்கான். கேட்டா, "ஒளிச்சேர்க்கைன்னு கேட்டிருந்தா நாலு பக்கம் எழுதியிருப்பேம்மா, இது என்னமோ போட்டோன்னு இருந்துச்சு"ங்கான். அன்னைலருந்து தமிழ்ப் புத்தகத்தையும் ஒரு செட் வாங்கிப் பக்கத்துல வச்சுட்டோம், அரசாங்க சைட்லயே ரெண்டு மீடியமும் சும்மா டவுன்லோடு பண்ணலாம். ராத்திரி ரெண்டையும் விரிச்சு வச்சுக்கிட்டு இங்கிலீஷ் வார்த்தைக்கு மேல பென்சில்ல தமிழ எழுதுவான். இப்ப ஏழாம் வகுப்பு. மொத பாடத்துல ஒரு பக்கத்துக்கு முப்பது நாப்பது பென்சில் எழுத்து இருந்துச்சு, நேத்து பாத்தேன், ஏழோ எட்டோதான் இருக்கு.